இலக்கு முன், கருவி பின்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பெரிய நிறுவனங்களில் வணிக இலக்கும் தகவல் தொழில்நுட்பமும் எவ்வாறு இணைந்து செல்லல் வேண்டும் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வயல் வேலையும் பீடி சுற்றலும் அறிந்த ஆய்க்குடி வட்டாரத்தில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். 2011இல் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் அண்மையிலுள்ள மத்தளம்பாறைக்கே வந்துவிட்டது. நம் பிள்ளைகள் நாளை இத்தகைய நிறுவனங்களின் வாயிலில் நிற்பவர்கள். உள்ளே நடப்பதை அறிந்து செல்வதே நலம்.

முதலில் பாரத ஸ்டேட் வங்கியை நோக்குவோம். முற்காலத்தில் ஒருவர் ஒரு கிளையின் வாடிக்கையாளராகவே இருந்தார். அவர் கணக்கு அக்கிளையின் பேரேட்டில் அடங்கிக் கிடந்தது. 1990களில் கிளைகளுக்குக் கணிப்பொறிகள் வந்தன. ஆயினும் கிளைக்கொரு பேரேடு என்னும் நிலை மாறவில்லை. தாளில் இருந்த பேரேடு பொறிக்குள் புகுந்தது, அவ்வளவே. பின்னர், ‘கிளையின் வாடிக்கையாளர் வங்கியின் வாடிக்கையாளர் ஆதல் வேண்டும்’ என்று இலக்கு வகுக்கப்பட்டது. அதற்கேற்ப டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் துணையோடு கணக்குகள் யாவும் ஒரே மைய அமைப்பிற்குள் கொணரப்பட்டன. 2008க்குள் கிளைகள் அனைத்தும் இணைந்தன. தென்காசியில் கணக்கு வைத்திருப்பவர் சென்னைக் கிளையிலும் பணம் பெறுகின்றார். இலக்கு தெளிந்த பின்னரே கருவி பயன் தந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஹெர்ஷி என்னும் அமெரிக்க மிட்டாய் நிறுவனம் 4 ஆண்டுகளில் செய்யத்தக்க கணிப்பொறி மாற்றத்தை 30 திங்களுக்குள் முடிக்க முனைந்தது. 1999 ஜூலையில், பண்டிகைக் காலத் தேவைகள் வந்து குவியும் வேளையில், புதிய அமைப்புகள் பலவற்றை ஒருசேர இயக்கியது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள மிட்டாய் கடைகளுக்குச் சென்று சேரவில்லை. பொறிக்கு நாள் குறித்தவர்கள் வணிகத்தின் பருவத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

பிறரை மட்டும் குறை கூறேன். முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றிற்குக் கணிப்பொறிகள் வந்தபோது, வருகைப்பதிவை அதில் ஏற்றுமாறு ஆசிரியர்களைப் பணித்தேன். பழைய பதிவேட்டையும் விடவில்லை. வேலை இரட்டித்தது, பயன் ஏதும் இல்லை. பின்னர் ஓர் இளம் ஆசிரியை, “ஐயா, இதனால் நாம் அறிய விரும்புவது என்ன?” என்று வினவினார். என்னிடம் விடையில்லை. கூடிப் பேசி, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளை யார் என்பதை அன்றே அறிதல் என்று முடிவு செய்தோம். அதன்பின் அப்பட்டியலோடு வீடுகளுக்குச் சென்றோம். நாற்று நடவுக்கும் பீடி சுற்றவும் நின்றுவிட்ட பிள்ளைகளில் சிலரேனும் திரும்பி வந்தனர். பொறி அதுவே; இலக்குத்தான் புதிது.

இளைஞர்களே! அரசுப் பணியில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களில் சட்டத்தின் அக்காப்பு இல்லை. அங்கே பொறியை இயக்க மட்டும் கற்றவரை எளிதில் மாற்றிவிடுவர். ‘இந்த வேலை எதற்காக? இதனால் எவர்க்குப் பயன்?’ என்று கேட்கத் தெரிந்தவரை எளிதில் விடமாட்டார்கள். ஆகவே கணிப்பொறி மொழியோடு கணக்கியலும் வணிகமும் பயிலுங்கள். இவை நமக்கு அயலான துறைகள் அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1923இலேயே இந்திய நாணயச் சிக்கலைப் பற்றி நூல் வெளியிட்ட பொருளியல் அறிஞர்.

கருவியைக் கையாளும் இருக்கை நமக்கு வேண்டும். இலக்கை வகுக்கும் அவையிலும் இருக்கை வேண்டும். இரண்டாவதை அடையும்வரை முதலாவதோடு நிறைவு கொள்ளாதீர்கள்.