முன்கோபமும் நீடிய சாந்தமும்



கல்விக்காக எழுந்த ஒரு சங்கத்தின் வெள்ளி விழாவில் கோபத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமாகுமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது நம் கருத்து. ஒரு மாணவனுக்குப் புத்தகம் வாங்கித் தர இயலும். கட்டணம் செலுத்த இயலும். விடுதியில் இடம் பெற்றுத் தரவும் இயலும். ஆனால் அவன் தன் சினத்தை ஆளக் கற்றுக்கொள்ளாவிடில், பதினைந்து ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்றதை ஒரு நிமிடத்தில் இழந்து நிற்பான். ஒரு கைகலப்பு, ஒரு வழக்கு, காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு பெயர், அவ்வளவே போதும். அவனை இழிவாகப் பேசியவன் மறுநாளும் தன் கடையைத் திறப்பான். இவனோ வேலைக்கு விண்ணப்பிக்கும் இடமெல்லாம் அந்த வழக்கைச் சுமந்து செல்வான்.

அவ்வாறாயின் நாம் கோபமே கொள்ளலாகாதா? கோபம் கொள்ள நமக்குக் காரணங்கள் குறைவா? தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்த கதையை நாம் அறிவோம். தெருவின் பெயரைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை அறிவோம். நரைத்த தலையுடைய நம் தந்தையரைப் பள்ளிச் சிறுவன் ஒருமையில் அழைத்ததை அறிவோம். ஆறுதல் தேடிச் சென்ற ஆலயங்களிலும் தனி இருக்கைகளையும், கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பப்பட்ட சுவர்களையும் கண்டவர்கள் நாம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற உரிமையை மதத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கோ விரிவாக்கப்படவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒருவனுக்குச் சினமே எழவில்லையென்றால், அவன் சாந்தமுள்ளவன் என்று நாம் கருதமாட்டோம். அவன் உணர்வு மரத்துப் போயிற்றோ என்றுதான் அஞ்சுவோம்.

திருமறையும் கோபமே கூடாது என்று போதிக்கவில்லை. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் கை சூம்பிய ஒரு மனிதன் நின்றான். அவனைக் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் காத்திருந்தனர். அவர்களுடைய இருதய கடினத்தைக் கண்டு இயேசு பெருமான் சினமும் துயரமும் ஒருங்கே கொண்டார் என்று மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தச் சினம் எதைச் செய்தது? சூம்பிய கையைக் குணமாக்கியது. அப்போஸ்தலனாகிய பவுலும் எபேசியருக்கு எழுதுகையில், சினத்தில் பாவம் கலவாதிருக்கவும், சினம் ஒரு பகலைத் தாண்டி நீளாதிருக்கவும் கேட்டுக்கொள்கிறார். தேவனைப் பற்றிப் பேசும்போது நம் வேதாகமம் நீடிய சாந்தமுள்ளவர் என்கிறது. தேவனுக்குக் கோபமே வராது என்பது அதன் பொருளன்று. அவர் கோபிக்கத் தாமதிக்கிறார் என்பதே பொருள். ஆகவே முன்கோபத்திற்கு எதிரானது கோபமின்மையன்று. காலமறிந்து, இடமறிந்து, பயனறிந்து எழும் கோபமே அதற்கு எதிரானது.

இதற்குச் சிறந்த சான்று எருசலேம் தேவாலய நிகழ்ச்சியில் உள்ளது. இயேசு காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்ததை நாம் அனைவரும் அறிவோம். கோபக்காரர் பலரும் தம் செயலுக்கு அதனையே மேற்கோளாகக் காட்டுவதுண்டு. ஆனால் மாற்கு பதினொன்றாம் அதிகாரத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு செய்தி புலப்படும். இயேசு முதல் நாள் தேவாலயத்தினுள் சென்றார்; சுற்றிலும் எல்லாவற்றையும் பார்த்தார்; பொழுது சாய்ந்தபடியால் பெத்தானியாவுக்குப் போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்த பின்னரே வியாபாரிகளை வெளியேற்றினார். பார்த்ததற்கும் செய்ததற்கும் இடையே ஓர் இரவு இருந்தது. அந்த இரவை நம் கோபத்திற்கும் கொடுக்கிறோமா என்பதே நாம் நம்மைக் கேட்கவேண்டிய கேள்வி.

கொடுக்கத் தவறினால் நேர்வதென்ன என்பதை மோசேயின் வாழ்வில் காண்கிறோம். தன் இனத்தான் ஒருவனை எகிப்தியன் அடிப்பதைக் கண்டு மோசே கொதித்தான். அக்கம் பக்கம் பார்த்து, எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்தான். அவன் கோபத்தின் காரணம் நேர்மையானது. எனினும் விளைந்ததென்ன? ஓர் அடிமையும் விடுதலை பெறவில்லை. ஒரு செங்கல்லும் குறையவில்லை. மறுநாளே தன் மக்களின் நம்பிக்கையையும் இழந்தான். பார்வோனுக்கு அஞ்சி மீதியான் நாட்டுக்கு ஓடி, நாற்பது ஆண்டுகள் அங்கே தங்கினான். அதே மோசே பின்னர் பார்வோனின் முன் நேருக்கு நேர் நின்று மக்களின் விடுதலையைக் கோரியபோதுதான் அடிமைத்தனத்தின் கட்டு அவிழ்ந்தது.

இதனால் என்ன பயன் என்னும் இந்தக் கேள்வியை ஒரு தாய் தன் மகனிடம் கேட்டாள். அந்த மகன் ஜேம்ஸ் லாசன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வளர்ந்த கறுப்பினச் சிறுவன். மெதடிஸ்ட் போதகரின் மைந்தன். தொடக்கப் பள்ளியில் படித்த நாளில், தாயின் ஏவலாக வெளியே சென்றபோது, மோட்டார் காரில் இருந்த ஒரு வெள்ளையினக் குழந்தை அவனை இன இழிசொல்லால் அழைத்தது. சிறுவன் அந்தக் குழந்தையைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வீடு வந்தான். நடந்ததைக் கேட்ட தாய், சமைத்துக்கொண்டே, அதனால் விளைந்த நன்மை என்னவென்று அமைதியாக வினவினாள். அந்தக் கேள்வியே தம் வாழ்வைத் திருப்பியது என்று லாசன் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

வளர்ந்த லாசன், போருக்குச் செல்ல மறுத்துச் சிறை சென்றார். பின்னர் 1953இல் நம் நாட்டிற்கு வந்து, நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கற்றார். தாயகம் திரும்பிய பின், மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் அழைப்பை ஏற்று, 1958இல் நாஷ்வில் நகருக்குச் சென்றார். அந்நகரின் பெரிய கடைகளில் கறுப்பின மக்கள் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். ஆனால் அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து உண்ணலாகாது. தனிக் குவளையை அறிந்த நமக்கு இது அந்நியமான செய்தியன்று.

அந்தக் கடைகளில் அமரப்போகும் மாணவர்களுக்கு, லாசன் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். சிலர் எதிரிகளாக நடிப்பார்கள், சிலர் அமர்ந்திருப்பார்கள். நடிப்பவர்கள் வாய்கூசும் சொற்களால் திட்டுவார்கள்; முகத்தில் புகை ஊதுவார்கள்; தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள்; இருக்கையிலிருந்து தள்ளுவார்கள். அமர்ந்திருப்பவர் திருப்பி அடிக்காமலும் ஏசாமலும், தலையைக் காத்துக்கொண்டு, நண்பனையும் காக்கப் பழக வேண்டும். தேர்வுக்கு நாம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதுபோல, அவர்கள் பொறுமையைத் திரும்பத் திரும்பப் பயின்றார்கள். சாந்தம் பிறவியில் வரும் குணம் என்றும், முன்கோபம் நம் இரத்தத்தில் ஊறியது என்றும் சொல்லிக்கொள்வோர் இதனைக் கருத வேண்டும். அந்த மாணவர்களின் பொறுமை பயிற்சியால் வந்தது.

1960 பிப்ரவரி 13இல் அவர்கள் கடைகளில் அமரத் தொடங்கினர். பிப்ரவரி 27இல் அவர்கள் தாக்கப்பட்டனர். தாக்கியவர்களை விடுத்து மாணவர் 81 பேரையே காவலர் கைது செய்தனர். ஏப்ரல் 19 அதிகாலையில், அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் வீடு வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. அன்றைய கோபம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஒரு கல்லும் எறியாமல், வாய் திறவாமல், நகர மன்றத்திற்கு நடந்து சென்றனர். அங்கே 21 வயது மாணவி டயான் நாஷ், நிறத்தைக் கொண்டு மனிதரை வேறுபடுத்துவது சரியா என்று நகரத் தலைவரை நேருக்கு நேர் கேட்டார். அது தவறுதான் என்று அவர் மக்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று நாஷ்வில் கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின. ஒரு கல் எறியப்பட்டிருந்தால், மறுநாள் பேச்செல்லாம் அந்தக் கல்லைப் பற்றியதாகவே இருந்திருக்கும்.

நம் மண்ணிலும் இதற்கு நிகரான சான்று உண்டு. 1927 மார்ச் 20இல் மஹாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தினர். அதன்பின் அவர்கள்மீது தடிகொண்டு தாக்குதல் நடந்தது. திருப்பி அடிக்கும் ஆற்றல் கூடியிருந்தோருக்கு இருந்தது. அண்ணல் அவர்களைத் தடுத்தார். வழக்கு நீதிமன்றங்களில் நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் குளத்தின்மீது மக்களுக்குள்ள உரிமையை உறுதி செய்தது. பத்து ஆண்டுகள் அணையாமல் எரிந்த சினம் அது. தலைமுறைகளாக நீடிக்கும் அநீதியை எதிர்க்க அத்தகைய நெடிய சினமே தேவை.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். இது அடிமையின் பொறுமை ஆகாதா? ஆகாது. பிரதான ஆசாரியன் முன்னிலையில் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது, அவர் திருப்பி அறையவில்லை; வாய்மூடி ஏற்றுக்கொள்ளவுமில்லை. தாம் பேசியதில் தவறிருந்தால் காட்டும்படியும், தவறில்லையெனில் அடித்த காரணத்தைச் சொல்லும்படியும் கேட்டார். கேள்வி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது சாந்தமன்று.

இனி நம் இல்லத்தைப் பார்ப்போம். வள்ளுவர் வெகுளாமை என்னும் அதிகாரத்தை, தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதனை அடக்குபவனே உண்மையில் அடக்குபவன் என்னும் கருத்தோடு தொடங்குகிறார். பண்ணையிலும் அலுவலகத்திலும் மேலதிகாரியிடம் அடக்கிய கோபத்தை நம்மில் பலர் எங்கே இறக்கி வைக்கிறோம்? மனைவிமேல், பிள்ளைமேல், வயது முதிர்ந்த தாய்மேல். வெளியில் நம்மை இழிவுபடுத்திய சொல்லையே வீட்டில் நாம் பேசினால், இழிவுபடுத்தியவனின் வேலையை நாமே செய்து முடிக்கிறோம். மது அருந்தியவனிடம் இது இன்னும் கொடிதாகிறது. சங்கக் கூட்டங்களிலும் அப்படியே. ஒரு சொல்லைப் பொறுக்க மாட்டாமல் எழுந்து போனவர்களால் எத்தனை நல்ல முயற்சிகள் நின்று போயின!

ஆகவே இளைஞர்களுக்குச் சில ஆலோசனைகள் கூற விரும்புகிறோம். முதலாவது, தாமதிக்கப் பழகுங்கள். யாக்கோபு தம் நிருபத்தில் செவிக்கு விரைவையும், நாவுக்கும் சினத்துக்கும் தாமதத்தையும் விதிக்கிறார். நெஞ்சு படபடத்து, கை தானாக மடங்கும்போது, அந்த இடத்தை விட்டு அகலுங்கள். அது தோல்வியன்று.

இரண்டாவது, எழுதுங்கள். நடந்த நாள், நேரம், இடம், பேசப்பட்ட சொல், உடனிருந்தவர் பெயர் அனைத்தையும் அன்றே குறித்துச் சங்கப் பெரியவர்களிடமும் வழக்கறிஞரிடமும் கொண்டு செல்லுங்கள். இந்தச் சங்கம் உங்களுக்கு எழுத்தறிவித்தது இதற்காகவும்தான்.

மூன்றாவது, உங்களைத் தடுத்து நிறுத்தும் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தாவீதின் பிறப்பையும் நிலையையும் நாபால் ஏளனம் செய்தபோது, தாவீது நானூறு பேருக்கு வாளேந்தக் கட்டளையிட்டுப் புறப்பட்டான். அபிகாயில் என்னும் பெண் வழிமறித்தாள். நாளை அரசனாகப் போகிறவன் இன்று வீணாக இரத்தம் சிந்தினால், அது பின்னர் அவன் மனத்தை உறுத்தும் என்று எடுத்துரைத்தாள். தாவீது அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தன்னைத் தடுத்ததற்காக வாழ்த்தினான். உங்கள் தாயோ, தமக்கையோ, நண்பனோ கையைப் பிடித்து நிறுத்தும்போது, அவர்கள் உங்கள் எதிர்காலத்தையே பிடித்து நிறுத்துகிறார்கள் என்று கொள்ளுங்கள்.

நான்காவது, ஜெபியுங்கள். நல்ல சொற்களால் மட்டுமே ஜெபிக்கவேண்டும் என்பதில்லை. சங்கீதங்களில் பல, ஒடுக்கப்பட்டவனின் கோபக் குரலே ஆகும். மனிதர்மேல் கொட்ட நினைத்ததைத் தேவனிடம் கொட்டுபவன், எழுந்திருக்கும்போது தெளிந்த மனத்தோடு எழுந்திருப்பான்.

ஐந்தாவது, வீட்டில் கடுஞ்சொல் பேசிவிட்டால், பொழுது சாய்வதற்குள் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்பதும் இழுக்கன்று.

நம் முன்னோர் பெற்ற அவமானங்களுக்குக் கணக்கில்லை. அவற்றால் எழுந்த சினம் நமக்குக் கிடைத்த முதல். அதனைச் சில்லறைச் சண்டைகளில் செலவிட்டுவிடாமல், கல்வியிலும் உரிமைப் போராட்டத்திலும் முதலீடு செய்வோமாக. கோபம் எழும் ஒவ்வொரு வேளையிலும், அந்தத் தாய் தன் மகனைக் கேட்ட கேள்வியை நாமும் கேட்டுக்கொள்வோம்: இதனால் விளையும் நன்மை என்ன? நன்மை விளையும் வழியைக் காணும்வரை தாமதிக்கும் பலத்தை ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்வாராக.