மோசல் பள்ளத்தாக்கில் பெயர் தேடி

இன்று ஜெர்மனியின் மேற்குப் பகுதிக்கு, மோசல் ஆற்றங்கரைக்குப் போகிறோம்.

கோப்ளென்ஸ் நகரில், இரண்டு ஆறுகள் சேரும் முனையில் நிற்கிறோம். இடப்புறம் மோசல், வலப்புறம் ரைன். இரண்டும் நம் காலடியில் கலக்கின்றன. இங்கே கோட்டை கட்டிய ரோமானியர், ஆறுகள் கூடும் இடம் என்பதால் ‘கொன்ஃப்ளுவெந்தெஸ்’ என்றார்கள். கூடுதுறை என்று நாம் சொல்வோமே, அதேதான். நூற்றாண்டுகளாக நாவில் தேய்ந்து அது கோப்ளென்ஸ் ஆயிற்று.

ஆற்றுக்கு மோசல் என்ற பெயர் எப்படி வந்தது? மேற்கே பிரான்சில் பிறந்து, பெல்ஜியம் வழியாக நெதர்லாந்துக்கு ஓடும் மாஸ் ஆற்றின் பழைய பெயர் மோசா. அதோடு, சின்னது என்று காட்டும் விகுதி சேர்ந்து மோசெல்லா ஆனது. அதாவது, சின்ன மாஸ்.

இந்தப் பெயரில் ஓர் அற்புதம் உண்டு. சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேல் மோசலின் தண்ணீர் மாஸ் ஆற்றில்தான் போய்ச் சேர்ந்தது. பிரான்சின் தூல் நகருக்கு அருகே வேறோர் ஆறு நிலத்தை அரித்து வந்து, அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கைவிடப்பட்ட பழைய பள்ளத்தாக்கு இன்றும் அங்கே தெரிகிறது. பெயர் வைத்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் உறவைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்!

இனி ஆற்றை எதிர்த்துத் தென்மேற்கே போவோம். இருபுறமும் செங்குத்தான கற்பலகைச் சரிவுகள். அவற்றில் ரீஸ்லிங் திராட்சைக் கொடிகள். பகலில் வாங்கிய வெயிலை அந்தக் கற்பலகைகள் இரவிலும் கொடிகளுக்குக் கொடுக்கின்றன. பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவில் ஏணி வைத்த பாதைகளும் உண்டு.

அடுத்து நோய்மாகன். கெல்ட் மொழியில் ‘நோவியோமாகுஸ்’, புதுவெளி. மதுப் பீப்பாய்கள் ஏற்றிய படகாகச் செதுக்கிய ரோமானியக் கல்லறைச் சிற்பம் 1878-இல் இங்கேதான் கிடைத்தது. அதன் மூலத்தை ட்ரியர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்த ட்ரியரும் த்ரேவெரி என்ற பழங்குடியின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர்.

த்ரேவெரிகளின் மொழியை இன்று பேச ஒருவருமில்லை. ரோமானியர் விட்டுச்சென்ற லத்தீன் பேச்சும் இந்தக் கரையில் அடங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் இங்குள்ள விவசாயி தன் ஊரைச் சொல்லும்போது அந்த மொழிகளைத்தான் உச்சரிக்கிறார். கோட்டைகளைப் பார்க்க வருகிறவர்கள் ஊர்ப் பலகைகளையும் நின்று படியுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அவையும் தொல்பொருள்கள்தாம்.