கறுத்தத் தோலுக்கும் வருமா?

நான் கணக்காளன், வைத்தியன் அல்ல. என் உள்ளங்காலில் வந்த ஒரு கறுப்புப் புள்ளியை, "எங்கட கறுத்தத் தோலுக்குப் புற்றுநோய் வராது" என்று இரண்டு வருடம் வைத்தியரிடம் காட்டாமல் இருந்தேன். நல்லகாலம், அது வெறும் மச்சம். அதன் பிறகுதான் மெலனோமா பற்றி வாசித்தேன்.

மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் கலங்களில் தோன்றும் புற்றுநோய். நுரையீரல், மூளை என்று பரவுவதால்தான் அது உயிரைப் பறிக்கிறது. பரவும் விதத்தை அறிய உதவியவை சுண்டெலிகள்.

1954இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஒரு கறுப்புச் சுண்டெலியில் தானாகத் தோன்றிய கட்டியின் கலங்கள், 'பி16' என்ற பெயரில் இன்றும் வளர்க்கப்படுகின்றன. ஐசாயா பிட்லர் அவற்றை எலிகளின் இரத்த நாளத்தில் செலுத்தினார். நுரையீரலில் முளைத்த கட்டிகளை எடுத்து வளர்த்து, வேறு எலிகளில் மீண்டும் மீண்டும் செலுத்தினார். ஒவ்வொரு சுற்றிலும் தேறியவை மேலும் வேகமாகப் பரவின. 1973இல் இதை வெளியிட்டார். ஒரு கட்டியின் கலங்கள் எல்லாம் ஒன்றல்ல. பரவும் வல்லமை சிலவற்றுக்கே அதிகம். அவை புறப்படுமுன் கட்டியை வெட்டி எடுத்தால் பெரும்பாலும் சுகம்.

ஆனால் எலி மனிதனல்ல. அதன் நிறக்கலங்கள் பெரும்பாலும் மயிர்க்கால்களில் இருப்பவை. கறுத்தத் தோலினருக்கோ மெலனோமா அதிகம் வருவது உள்ளங்காலிலும் நகத்தடியிலும். பாடகர் பொப் மார்லி 1981இல் இறந்ததும் கால்விரலில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலையும் நகங்களையும் பாருங்கள். புதிய கறுப்புப் புள்ளியோ, நகத்தில் அகலும் கோடோ இருந்தால் என்னைப்போல் காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.