எழுதும் உரிமை யாருக்கு?

(குன்றக்குடிப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேச ஒப்புக்கொண்ட விஷயம் சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் கட்டுரை எழுதினவர்களைப் பற்றியதாகும். "குன்றக்குடி மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ்காரன் கட்டுரையைப் பற்றிப் பேசுவானேன்? நமக்கு வேறு வேலை இல்லையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பது நியாயமேயாகும். ஆனால் அந்தக் கட்டுரைகளில் ஒன்றுக்கு விஷயமாய் இருந்தவர் ஒரு இராமசாமி என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் கட்டுரை என்றால் என்ன? புராணத்திற்கு ஒரு ரிஷி வேண்டும். சாஸ்திரத்திற்கு வடமொழி வேண்டும். செய்யுளுக்கு எதுகை மோனை வேண்டும். கட்டுரைக்கோ இவை ஒன்றும் வேண்டியதில்லை. "நான் இதைப் பார்த்தேன், எனக்கு இப்படித் தோன்றிற்று, அதற்குக் காரணம் இது, சரி என்று பட்டால் ஒப்புக்கொள், இல்லாவிட்டால் தள்ளிவிடு" என்று ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சொல்லுவதுதான் கட்டுரை. அதாவது "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பது முடிந்து, "நான் சொல்லுகிறேன்" என்பது ஆரம்பமாகிற இடம் அது.

1789ல் பிரெஞ்சுப் புரட்சி ஏற்பட்ட பிறகு, அரசனும் பாதிரியும் சொல்லுவதே முடிவு என்கின்ற எண்ணம் ஐரோப்பாவில் ஆட்டங்கண்டது. அந்தக் காலத்தில்தான் சார்லஸ் லாம், வில்லியம் ஹாஸ்லிட், லீ ஹண்ட் முதலானவர்கள் பத்திரிகைகளில் எழுதினார்கள். இவர்கள் பிரபுக்கள் அல்ல. லாமின் தகப்பனார் ஒரு வக்கீலிடம் வேலைக்காரராகவும் குமாஸ்தாவாகவும் இருந்தவர். ஹாஸ்லிட் ஒரு பாதிரியின் மகன். அவரையும் பாதிரியாக்க வேண்டுமென்று 1793ல் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவரோ அந்த உத்தியோகம் நமக்கு வேண்டாம் என்று 1795ல் வெளியே வந்துவிட்டார்.

லாம் 1792 முதல் 1825 வரை 33 வருஷம் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீசில் கணக்கெழுதிப் பிழைத்தவர். பகலெல்லாம் பேரேடு, ஒழிந்த நேரத்தில் கட்டுரை. அந்தக் கம்பெனி நமக்குப் புதிதல்ல. 1801 அக்டோபர் 24ந் தேதி நம் பக்கத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது அதே கம்பெனிதான். அந்த வருஷமும் லாம் அங்கேதான் சம்பளம் வாங்கினார். இதனால் அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. 1822ல் புகைக்கூண்டு துடைக்கும் சிறுவர்களைப் பற்றி அவர் எழுதின கட்டுரையில் அன்பு இருக்கிறது. கரி படிந்த அந்தப் பிள்ளைகளைக் கண்டால் காசு கொடுங்கள் என்கிறார். ஆனால் அந்தக் குழந்தை ஏன் புகைக்கூண்டுக்குள் ஏறவேண்டும், ஏற்றிவிட்டவன் யார் என்று அவர் சண்டை பிடிக்கவில்லை. இரக்கம் வேறு, நியாயம் வேறு. மலக்குழியில் மனிதனை இறக்கக்கூடாதென்று 2013ல் சட்டம் வந்தபின்னும் இறங்கினவன் சாகிறான். நாம் "ஐயோ பாவம்" என்கிறோம். லாமைக் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி இராமசாமி விஷயத்துக்கு வருவோம். 1821ல் வெளிவந்த ஹாஸ்லிட்டின் கட்டுரைப் புத்தகத்தில் இந்தியச் செப்பிடுவித்தைக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. வெள்ளையுடையும் தலைப்பாகையுமாய் ஒருவர் தரையில் உட்கார்ந்து, நான்கு பித்தளைக் குண்டுகளை ஒன்றுகூடக் கீழே விழாமல் எறிந்து எறிந்து பிடிக்கிறார். அவர், அக்காலத்தில் இலண்டனில் பேர்பெற்றிருந்த 'ராமோ சாமி' என்பவரே என்பது ஆராய்ச்சிக்காரர் பலருடைய அபிப்பிராயம். நம் வாயில் அது இராமசாமி. அதைப் பார்த்த ஹாஸ்லிட் என்ன சொன்னார்? "காட்டுமிராண்டி தேசத்தான்" என்றா சொன்னார்? இல்லை. இந்த மனிதன் தன் வேலையில் ஒரு பிசகும் இல்லாமல் இருக்கிறான். நான் எழுதுகிற கட்டுரையிலோ எத்தனை பிசகு என்று வெட்கப்பட்டார்!

தோழர்களே! இங்கே தைப்பூசத்துக்குக் கூட்டம் கூடுகிறது. தெருவோரத்தில் கம்பத்தின்மேல் ஏறி வித்தை காட்டுகிறவனைப் பார்த்து நம்மில் எவனாவது வெட்கப்பட்டதுண்டா? காசை வீசிவிட்டு "என்ன ஜாதி?" என்றுதானே கேட்கிறோம்? ஹாஸ்லிட் அந்தக் கட்டுரையை முடிப்பது இன்னும் விசேஷம். சுவரில் பந்தடிக்கும் ஆட்டத்தில் கெட்டிக்காரராயிருந்து 1819ல் இறந்துபோன காவனா என்ற அயர்லாந்துக்காரரைப் புகழ்ந்து முடிக்கிறார். காவனாவின் தொழில் வீட்டுக்கு வர்ணம் பூசுவது. வர்ணம் பூசுகிறவன் செத்ததற்கு ஒரு கட்டுரை!

ஆனாலும் ஹாஸ்லிட்டையும் நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. கைத்திறமை வேறு, பெருமை வேறு, கைத்திறமை ஒருபடி கீழே என்று அவரே அதில் சொல்லுகிறார். எனக்கு இது ஒப்பவில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கச் சீமையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கட்டச் சொன்ன செட்டியார் பெயர் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிபோல் சுண்ணாம்பு பூசிய கொத்தனார் பெயரைச் சொல்ல ஆள் உண்டா? கைவேலை கீழானது என்பதால் பெயர் மறையவில்லை. பெயரை எழுதும் கை வேறு ஒருவனுடையதாய் இருந்ததால் மறைந்தது.

அந்த இராமசாமியின் கதியும் அதுவே. அவர் 1850ல் இலண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவருடைய மனைவி பிறரிடம் உதவி கேட்க வேண்டியதாயிற்று. இலண்டன்காரன் அவரைப் பார்த்தான், கைதட்டினான், எழுதினான். அவர் இலண்டன்காரனைப் பற்றி எழுதவில்லை. பார்க்கப்பட்டவரே ஒழிய எழுதினவர் அல்ல.

எழுதின இராமசாமியை நமக்குத் தெரியும். சில வருஷமே பள்ளிக்கூடம் போன அவர் 1925 மே 2ந் தேதி ஈரோட்டில் 'குடி அரசு' ஆரம்பித்தார். நம் காரைக்குடியிலும் அந்தக் காலத்தில் சொ. முருகப்பா 'குமரனை'யும், ராய. சொக்கலிங்கம் 'ஊழியனை'யும் நடத்தினார்கள். "நான் சொல்வதாலேயே நம்பாதீர்கள்" என்பதுதான் பெரியார் கட்டுரைகளின் அடிப்படை. அதுவேதான் கட்டுரையின் அடிப்படையும்.

இதற்கு விலையும் உண்டு. லீ ஹண்ட் 1812ல் தன் பத்திரிகையில் பட்டத்து இளவரசரைக் கண்டித்து எழுதினதற்காக, அவருக்கும் பதிப்பாளரான அவர் அண்ணனுக்கும் 1813ல் இரண்டு வருஷம் ஜெயிலும் தலைக்கு 500 பவுன் அபராதமும் கிடைத்தன. 1933ல் 'குடி அரசு'வில் வந்த ஒரு கட்டுரைக்காகப் பெரியாரும், வெளியிட்டவரான அவர் தங்கை கண்ணம்மாளும் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே அண்ணன் தம்பி. இங்கே அண்ணன் தங்கை. சர்க்காருக்குத் துப்பாக்கியைவிடக் கட்டுரையிடம் பயம் இருந்திருக்கிறது!

"எங்களுக்கு இலக்கணம் தெரியாதே, எப்படி எழுதுவது?" என்பீர்கள். பேசுகிற மாதிரியே எழுது, பகட்டுச் சொல்லைத் தேடாதே என்று ஹாஸ்லிட் 1822ல் ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அது சுலபம் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்றும் எச்சரிக்கிறார். கடினமான சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். எளிய சொல்லில் எழுதினால் அறியாமையும் பொய்யும் உடனே வெளியே தெரிந்துவிடும்.

இன்று எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது. காலையில் எழுந்ததும் எவனோ அனுப்பினதை அப்படியே இன்னும் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிறோம். இது எழுதுவது ஆகாது. மந்திரத்தை ஒப்பிக்கிறவன் வேலையைத்தான் நாமும் செய்கிறோம். அதற்குப் பதில், உங்கள் தெருவில் இருக்கிற ஒரு கொத்தனாரைப் பற்றி, ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி, கண்ணால் பார்த்ததைப் பெயரோடும் காரணத்தோடும் ஒரு பக்கம் எழுதுங்கள். வாசகசாலையில் படித்துக் காட்டுங்கள். அவர்களே எழுதினால் இன்னும் மேல். தாய்மார்களும் எழுத வேண்டும். தப்பிருந்தால் நாலு பேர் சொல்லட்டும்.

நான் சொன்னதையும் உங்கள் புத்தியைக்கொண்டு அலசிப் பார்த்து, சரி என்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.