நடந்தால் வரும், நின்றால் போகும்: கால் வலியும் அதற்கான மாத்திரைகளும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தலைவி கேட்டார். சர்க்கரையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் கால் வலியைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவள் நான். அந்த ஜன்னல் வழியாக அதிகமாகக் கேட்ட வார்த்தை, "கால் வலிக்கு ஏதாச்சும் சேத்துக் குடுங்கம்மா" என்பதுதான். கால் வலி என்று ஒன்று கிடையாது. நாலைந்து இருக்கிறது. ஒன்றுக்குரிய மாத்திரை இன்னொன்றுக்கு ஆகாது.

நீங்கள் தட்டை மடியில் வைத்து நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து பீடி சுற்றுகிறீர்கள். எழுந்திருக்கும்போது முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடுகிறது. அது மூட்டும் சதையும் சம்பந்தப்பட்டது. ராத்திரி படுத்தால் பாதம் தீயாய் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்குது என்றால் பெரும்பாலும் சர்க்கரையால் நரம்பு கெட்டுப்போனது. சாயங்காலம் ஆனால் கால் கனத்து வீங்குது, கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரியுது, காலைத் தூக்கி வைத்தால் சுகமாக இருக்குது என்றால் அது அசுத்த ரத்தம் மேலே ஏற முடியாமல் தேங்குவது.

நான் இன்றைக்குப் பேச வந்தது வேறொரு வலி. சும்மா இருக்கும்போது வலியே இருக்காது. நடக்க ஆரம்பித்தால் குறிப்பிட்ட தூரத்தில் கெண்டைச் சதை இறுக்கிப் பிடிக்கும். சிலருக்குத் தொடையிலும் புட்டத்திலும் பிடிக்கும். நின்றுவிட்டால் சில நிமிஷத்தில் போய்விடும். உட்காரக்கூட வேண்டாம், நின்றாலே போதும். மறுபடி நடந்தால் கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். வலிக்கு அளவுகோல் இருக்கும், "மூணாவது லைட்டுக் கம்பம்" என்று சொல்லிவிடலாம்.

காரணம் நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். வாய்க்காலில் மண்டிக்கிடந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். இதயத்திலிருந்து பார்த்தால் கால்தான் நம் உடம்பின் கடைமடை. ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பு படிந்து குறுகிவிட்டால், உட்கார்ந்திருக்கும் காலுக்கு வருகிற தண்ணி போதும். நடக்கிற காலுக்கு அது பத்தாது. பாசனம் பத்தாத சதைதான் வலியாகக் கத்துகிறது. புகை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, வயது எல்லாம் சேர்ந்து மண்ணைத் தூர்க்கின்றன.

எங்கள் ஊரில் காய்கறிக் கூடை சுமந்து விற்கும் அக்கா ஒருவர் உண்டு. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. மூன்று கம்பத்துக்கு ஒருமுறை கூடையை இறக்கி வைப்பார். பாரம் தாங்கலை என்று ஊர் பேசிக்கொண்டது. கோயிலுக்கு வெறுங்கையோடு போகும்போதும் அதே மூன்றாவது கம்பத்தில்தான் நிற்பார், அதை யாரும் பார்க்கவில்லை. ஒரு வருஷம் கடையில் "ஒரு செட்டு மாத்திரை" வாங்கிப் போட்டார். குழுவில் உள்கடன் எடுத்து எண்ணெய் தேய்த்தார், ஊசி போட்டார். பிறகு புதுச் செருப்பு கடித்துச் சுண்டுவிரல் பக்கம் ஒரு புண். ஒன்றரை மாதம் ஆறவில்லை. ரத்தம் வராத இடத்தில் புண் எப்படி ஆறும்? கடைசியில் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

அந்தச் செட்டில் என்ன இருக்கும் தெரியுமா? வலி மாத்திரை ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று, சத்து மாத்திரை என்று ஒன்று, சில கடைகளில் ஸ்டீராய்டும் கூட. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். வலி மாத்திரை ரத்தக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண் போடும். அடைத்த குழாயை இவற்றில் எதுவும் ஒரு நூல்கூடத் திறக்காது. நரம்பு ஊசி என்று போடும் பி12 ஊசியும் அப்படித்தான். அது வேறு குறைக்கு மருந்து.

சரி, டாக்டரிடம் போனால் என்ன செய்வார்? பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பார்ப்பார். பிறகு கையில் கட்டும் அதே பட்டையைக் கணுக்காலிலும் கட்டி, ஒரு சின்னக் கருவியை வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலில் அடைப்பு உண்டு என்று அர்த்தம். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய் கெட்டியாகி இந்தக் கணக்கு ஏமாற்றும். அவர்களுக்கு ஸ்கேன் தேவைப்படலாம். ஊசி கிடையாது, வலி கிடையாது, கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். நம்ம கூடைக்கார அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இருபது நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "தங்கச்சி, இருபது நாளா முழுங்குறேன், மூணாவது கம்பம் மூணாவது கம்பமாத்தான் இருக்கு. இதை எதுக்குத் திங்கணும்?" என்றார். நிறுத்திவிடப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். மூன்று அட்டைகளையும் தனித்தனியாக வைத்து அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் அட்டை ஆஸ்பிரின் 75 மில்லிகிராம். சிலருக்கு அதற்குப் பதில் குளோபிடோக்ரெல் 75 கொடுப்பார்கள். ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை என்று சொல்வோம், அப்படி ஆக்காது. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்கும். இது கால் வலிக்கான மாத்திரை இல்லை. காலில் படிந்த கொழுப்பு காலில் மட்டுமா இருக்கும்? இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் இருக்கும். கால் அடைப்பு உள்ளவர்களுக்குக் காலைவிடப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான். அதைத் தடுக்கக் கொடுப்பது இது. மலம் கறுப்பாகத் தார் மாதிரி போனால் உடனே டாக்டரைப் பாருங்கள். பல் பிடுங்கப் போனால் இந்த மாத்திரை போடுகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. இதோடு கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். இபுப்ரோஃபென் போன்றவை ஆஸ்பிரினை வேலை செய்ய விடாமலும் தடுக்கும்.

இரண்டாவது அட்டை அட்டார்வாஸ்டாட்டின். "எனக்குக் கொழுப்பு நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கு, இது எதுக்கு?" என்று படித்தவர்களே கேட்பார்கள். காலில் அடைப்பு என்று தெரிந்துவிட்டால் ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் இது தேவை. குழாய்க்குள் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்துக் கட்டியாகாமல் அடக்கி வைப்பது இதன் வேலை. இதுவும் வலிக்கு இல்லை. இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டினால் அன்றைக்கு ராத்திரி வயிறு நிறையாதே, அது மாதிரி. நடக்காதபோதும் இரண்டு தொடையும் புதிதாக வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்.

மூன்றாவது அட்டைதான் நடைக்கானது. பெயர் சிலோஸ்டசால். ஜப்பானில் கண்டுபிடித்தது. குழாயைக் கொஞ்சம் விரிக்கும், தட்டணுக்கள் ஒட்டாமலும் பார்க்கும். வழக்கமாக 100 மில்லிகிராம், காலையும் இரவும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. சோற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒரேயடியாக ஏறித் தலைவலியும் படபடப்பும் அதிகமாகும். ஆரம்பத்தில் தலைவலி, வயிற்றுப் போக்கு, நெஞ்சு படபடப்பு வரலாம். பலருக்குப் போகப் போகக் குறையும்.

இரண்டு விஷயத்தை இதில் கவனமாகக் கேளுங்கள். இதயம் பலவீனம், பம்ப் பண்ணும் சக்தி குறைவு என்று யாருக்காவது சொல்லியிருந்தால் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம் என்பதும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது என்று அட்டையைக் கைமாற்றுகிறோமே, அதனால்தான் சொல்கிறேன். அடுத்தது கேஸ் மாத்திரை. காலையில் எழுந்ததும் ஓமெப்ரசோல் போடாத வீடு நம்ம பக்கத்தில் குறைவு. ஓமெப்ரசோல் சேர்ந்தால் சிலோஸ்டசாலின் வேகம் உடம்பில் கூடிவிடும், அளவை 50 ஆகக் குறைக்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இருபது நாளில் இது பேசாது. சிலருக்கு ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும், பலருக்கு மூன்று மாதம் பிடிக்கும். தெரிவதும் அதிசயமாக இருக்காது. மூன்றாவது கம்பம் நான்காவதாகும், ஐந்தாவதாகும். மூன்று மாதமாகியும் கம்பம் நகரவில்லை என்றால் டாக்டரே நிறுத்தச் சொல்லலாம். அப்போதும் நிறுத்துவது மூன்றாவது அட்டையை மட்டும்தான். முதல் இரண்டும் தொடர வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் ஜனங்கள் ஏமாந்து போகிறார்கள். வலி போகவில்லை என்று பையோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

கடையில் விலை அதிகம் என்றால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பள்ளிக்கூடம் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

நடையும் மருந்துதான். வலி வந்தால் நடக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டால் அடைப்பு ஜெயித்துவிடும். வலி நன்றாக வரும்வரை நடங்கள், நில்லுங்கள், போனதும் மறுபடி நடங்கள். நின்ற நேரத்தையும் சேர்த்து அரை மணி முதல் முக்கால் மணி, வாரத்தில் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். பெரிய குழாய் அடைத்திருந்தாலும், இருக்கிற ரத்தத்தை வைத்துக் கூடுதல் தூரம் நடக்கச் சதை பழகிக்கொள்ளும். காலில் புண் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்ட பிறகு நடங்கள். கூடைக்கார அக்கா புண் ஆறியபின் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடந்தார். மாத்திரையும் விடவில்லை. நான்கு மாதம் கழித்து ஏழாவது கம்பத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். விரல் இரண்டும் திரும்பி வரவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவது உங்கள் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பீடியில்தான் நம் குழுச் சேமிப்பு வந்தது, பெண்பிள்ளைகள் படித்தார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் சுற்றுவதை வீட்டில் ஒருவர் குடிக்கிறார். முப்பது, நாற்பது வயது ஆண்பிள்ளைக்கு, சர்க்கரை, கொழுப்பு எதுவும் இல்லாமலே, பாதம் வலித்து விரல் கறுக்கும் ஒரு நோய் உண்டு. புவர்கர் நோய் என்று பெயர். 1908-இல் அமெரிக்காவில் லியோ புவர்கர் என்ற மருத்துவர் அதை விவரித்து எழுதினார். புகையிலை இல்லாமல் அது வருவது அரிது, புகையிலையை விடாமல் எந்த மாத்திரையும் அதை நிறுத்தாது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்ற கணக்கும் அங்கே செல்லாது. வெற்றிலையோடு புகையிலை போடும் அக்காமார்களே, நீங்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறீர்கள். விட முடியவில்லை என்றால் அதற்கும் மருந்து இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இன்னும் சில விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதம் குளிர்ந்திருக்கிறது என்று வெந்நீர் பையோ செங்கல் ஒத்தடமோ வைக்காதீர்கள், மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. நரம்பு முடிச்சுக்கு இன்னொருவருக்குக் கொடுத்த இறுக்கமான காலுறையை, பட்டையை நீங்கள் போடாதீர்கள், வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். ராத்திரி படுத்ததும் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, விரலில் கறுப்போ ஆறாத புண்ணோ இருந்தாலோ, மாத்திரைக்குக் காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் திடீரென்று வலித்து வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காலைக் காப்பாற்ற டாக்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து நம் குழுப் பெண்களே வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டுபோகிறார்கள். அந்தத் தங்கைகளிடம் என் வேண்டுகோள் இது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "எத்தனாவது கம்பத்துல நிக்கிறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் கம்பம் குறைந்திருந்தால் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.

மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி எல்லாக் குழுவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் மண்டபத்து வராந்தாவுக்கு வாருங்கள். அட்டையை வெட்டாமல் கொண்டு வந்தால் பெயர் பார்க்க எனக்கு வசதியாக இருக்கும். கொண்டு வராதவர்கள் டாக்டர் சீட்டு இருந்தால் அதையாவது எடுத்து வாருங்கள். நான் மூன்று மணி வரைக்கும் இருப்பேன்.