விசை எங்கே தொலைகிறது?



போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில், எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி வந்து நின்றது. அதன் முதுகில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய நாலு சக்கர பைக். ஏ.டி.வி. என்பார்கள், குவாட் பைக் என்பார்கள். தடித்த டயர்களோடு, தவளை குந்தியிருப்பது போல இருக்குமே, அது. பெங்களூர் சாலைப் பக்கம் உல்லாச விடுதிகளில் சனி, ஞாயிறு வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கூட வந்த பையன் இறங்கும்போதே சொல்லிவிட்டான்: "ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுண்ணே. வேற இடத்துல காட்டினோம். பாக்ஸையே மாத்தணும்னுட்டாங்க."

மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. குனிந்தார். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அருகே மூக்கை வைத்து ஒருமுறை மூச்சை இழுத்தார். நிமிர்ந்து கேட்டார்: "இன்னாப்பா, எங்க மாட்டிக்கினு நின்னுது?"

பையன் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குக் கடைசியில் வருகிறேன்.

விசையை ஓரிடத்தில் உண்டாக்கி இன்னோரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஊருக்குப் பழகிப்போன வேலை. காவிரியில் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் 92 மைல் கம்பி வழியே வந்து இங்கே சுரங்கங்களில் ஓடத் தொடங்கியது 1902 ஜூனில். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்கம்பி வழிகளில் ஒன்று அது. அந்தத் திட்டத்துக்குத் துணிந்த மைசூர் திவான் சேஷாத்ரி அய்யர், விளக்கு எரிவதைப் பார்க்காமலே முந்தின வருஷம் காலமாகிவிட்டார். 92 மைல் கம்பியில் கோளாறு என்றால் அருவியையும் குறை சொல்ல முடியாது, சுரங்கத்தையும் குறை சொல்ல முடியாது. நடுவில் எந்த மைலில் அறுந்திருக்கிறது என்றுதான் தேட வேண்டும். ஏ.டி.வி.யிலும் கதை அதுதான். ஒரு முனையில் எஞ்சின், மறு முனையில் சக்கரம், நடுவில் நாலைந்து கண்ணிகள். விசை எந்தக் கண்ணியில் தொலைகிறது? 'கியர்பாக்ஸ் போச்சு' என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. தேட மனமில்லாதவர் சொல்கிற வார்த்தை.

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்றால் பல பேருக்கு நினைவு பெமலுக்குப் போகும். 1964இல் தொடங்கிய நிறுவனம். மண்வாரும் எந்திரங்களும் அவற்றுக்கான டிரான்ஸ்மிஷனும் இங்கேயே செய்கிறார்கள். டோசரில் இருப்பது எண்ணெயின் ராஜ்யம். எஞ்சின் சுழற்சியை டார்க் கன்வர்ட்டர் எண்ணெய் வழியாகவே கடத்தும். கிளட்ச் தட்டுகளை எண்ணெயின் அழுத்தம்தான் பிடிக்கும், விடும். அங்கே நோய் பார்ப்பவர் முதலில் எண்ணெயின் அளவைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், அழுத்தமானியை மாட்டுவார், ஃபில்டரில் உலோகத் துகள் இருக்கிறதா என்று தடவுவார். பெரும்பாலான ஏ.டி.வி.களில் இந்தச் சமாச்சாரமே கிடையாது. ஹோண்டாவின் ரின்கன், ரூபிகன் மாதிரி சில வண்டிகள் விலக்கு. அவற்றில் எண்ணெய் வேலை செய்கிறது. மற்றபடி ஏ.டி.வி.யின் ஆட்டோமேட்டிக் என்பது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கியரில்லா ஸ்கூட்டரின் பெரியண்ணன். ஒரு ரப்பர் பெல்ட், இரண்டு கப்பி. அவ்வளவுதான்.

இரண்டு காபி சாஸர்களை முதுகோடு முதுகு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில்தான் பெல்ட் உட்காருகிறது. சாஸர்களைச் சற்றே விலக்கினால் பெல்ட் உள்ளே இறங்கும். நெருக்கினால் பிதுங்கி விளிம்புக்கு ஏறும். முன்னால் எஞ்சினோடு ஒரு சோடி, பின்னால் சக்கரத்தின் பக்கம் ஒரு சோடி. வண்டி நிற்கும்போது முன் சோடி விலகியிருக்கும், பின் சோடி ஸ்பிரிங்கால் நெருங்கியிருக்கும். முன்னால் சின்ன வட்டம், பின்னால் பெரிய வட்டம். மேடேறும் சைக்கிள்காரர் விரும்புகிற கணக்கு. எஞ்சின் வேகம் எடுத்ததும் முன் கப்பிக்குள் இருக்கும் எடைகள், ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளியே தள்ளப்படுவது போல, வெளிப்பக்கம் ஓடித் தட்டை நெருக்கும். பெல்ட் முன்னால் ஏறும், பின்னால் இறங்கும். கையும் காலும் படாமல் கியர் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதைக் காரில் வைத்து 1958இல் உலகத்துக்குக் காட்டியவர்கள் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்தார். அந்தக் கார் முன்னால் போகிற அதே வேகத்தில் பின்னாலும் போகும் என்பதால், அந்நாட்டில் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். நம் பக்கம் 1984இல் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் இதே சூட்சுமத்தோடு வந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் போலாரிஸ் தன் முதல் ஏ.டி.வி.யில் இதை வைத்தது. பனிவண்டி செய்து பழகிய கம்பெனி. அங்கே இந்த பெல்ட்டும் கப்பியும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏ.டி.வி.யின் பெல்ட்டுக்குப் பெரிய எதிரி அதுதான். ஸ்கூட்டரை யாரும் ஏரிக்குள் விடுவதில்லை. இதை விடுவார்கள், அதற்காகத்தானே வாடகை. மூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. உடனே 'பாக்ஸ் போச்சு' என்று கையை உதற வேண்டாம். மூடியின் அடியில் ஒரு சின்ன வடிகால் திருகு இருக்கும்; சில வண்டிகளில் ரப்பர் அடைப்பு. அதைக் கழற்றித் தண்ணீரை விட்டுவிட்டு, நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால், சுழலும் கப்பியே காற்றடித்து உலர்த்திவிடும். நனைந்த பெல்ட்டோடு கியர் போட்டு முறுக்குகிறவர்தான் பெல்ட்டைக் கொல்கிறார்.

சரி, மெக்கானிக் என்ன வரிசையில் பார்த்தார்? முதல் வேலையாக, கோளாறு பெல்ட் பக்கம்தானா என்று கேட்டுக்கொண்டார். வண்டியை நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளினார். சக்கரம் இலகுவாக உருண்டது. உருளாமல் இறுக்கினால், சேறு அடைத்துப் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது என்று அர்த்தம். அந்தப் பழி பாதி நேரம் கியர்பாக்ஸ் தலையில் விழும். பிறகு ஸ்டார்ட் செய்து எஞ்சினை மட்டும் முறுக்கிப் பார்த்தார். திக்காமல் ஏறியது. திக்கியிருந்தால் ஏர் ஃபில்டர், பெட்ரோல், பிளக் என்று வேறு பாதை. அடுத்து கியர் லீவர். எச், எல், என், ஆர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, மீட்டரில் அதே எழுத்து வருகிறதா என்று பார்த்தார். லீவர் ஒன்று சொல்லி மீட்டர் இன்னொன்று சொன்னால், நடுவில் இருக்கும் இணைப்புக் கம்பி விலகியிருக்கிறது, அல்லது கியர் உணரும் சுவிட்ச் கெட்டிருக்கிறது. பேட்டரி இளைத்தாலும் இந்தக் காலத்து வண்டிகள் மீட்டரில் எச்சரிக்கை காட்டி, வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் கியர்பாக்ஸ் பொறுப்பில்லை.

நியூட்ரலிலிருந்து கியருக்குப் போடும்போது 'கடக்' என்று பல் அரைபடுகிறதே, அதைப் பலரும் பெரிய நோய் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் எஞ்சினின் ஐடில் வேகம் கூடிப்போயிருக்கும். வண்டி நிற்கிறது, ஆனால் பெல்ட் லேசாகப் பின் கப்பியை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும் பல்லில் நிற்கிற பல்லைக் கொண்டுபோய் மாட்டினால் கத்தாமல் என்ன செய்யும்? ஐடிலில் கியர் போட்டதுமே வண்டி தானாக ஊர்ந்தால் இந்தக் காரணத்தையே முதலில் சந்தேகிக்கலாம்.

எல்லாம் சரி என்றான பிறகுதான் எச்-இல் போட்டு ஆக்ஸிலரேட்டரைத் தொட்டார். எஞ்சின் ஏறியது; வண்டி 'தட், தட், தட்' என்று துடித்தபடி முண்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் சந்தேகம் தீர்ந்தது. அணைத்துவிட்டு மூடியைக் கழற்ற உட்கார்ந்தார்.

இந்த ஊரில் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு பழைய பாடம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு பாரம் மேலே அழுத்த, பாறை வெடித்துச் சிதறும். 'ஏர் பிளாஸ்ட்' என்பது அதற்கு இங்கே வழங்கிய பெயர். பாறை முனகினாலே அனுபவசாலிகள் காதைத் தீட்டிக்கொள்வார்களாம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிமனைகளில் தொழில் கற்ற பல பேர் வெளியே வந்தார்கள். சிலர் பெங்களூர் ரயிலேறினார்கள், சிலர் இப்படி ஷெட் போட்டார்கள். நம்மவரும் அப்படி ஒருவரிடம் தொழில் கற்றவர்தான்.

மூடி திறந்தது. உள்ளே மாவு மாதிரி கறுப்புத் தூள். பெல்ட் தேய்ந்த தூள். கூடவே வெளிறிய ஒரு பொடியும் இருந்தது. "பாத்தியா, சயனைடு மேட்டு மண்ணு," என்றார். தங்கம் பிரிக்கப் பாறையை மாவாக அரைத்த கழிவுதான் நம் ஊரைச் சுற்றி மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. அரைத்த குவார்ட்ஸ் என்றால் தேய்ப்புக் காகிதத்தில் ஒட்டுகிற சரக்குக்கு அண்ணன் தம்பி முறை. அது கப்பி முகத்தில் புகுந்தால் பெல்ட்டையும் தின்னும், உலோகத்தையும் வரிவரியாகக் கீறும். அந்த மேடுகளில் வண்டி ஏற்றுவது வண்டிக்கும் கேடு, நுரையீரலுக்கும் கேடு. சினிமாவில் பார்க்க அழகாக இருக்கிறதே என்று கிளம்புகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

பெல்ட் அறைக்குக் காற்று வருகிற குழாய் ஒன்று உண்டு. வெப்பத்தைத் தணிக்க வெளிக்காற்று அது வழியாகத்தான் வரவேண்டும். அவர் விரலை விட்டார். ஒரு கைப்பிடிச் சேறு உதிர்ந்தது. பாதி வியாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

கப்பிகளின் முகத்தை விரலால் தடவினார். பெல்ட் பளபளவென்று மெருகேறி வழுக்கினால் கிளம்பும்போது வண்டி உதறும். உள்ளே உள்ள உருளைகளும் எடைகளும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் வேகம் படிப்படியாக ஏறாமல் குதிக்கும். பின் கப்பியின் ஸ்பிரிங் தளர்ந்தால் மேட்டில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் தளர விட்டால், சில மாடல்களில் முன் கப்பிக்குள் இருக்கும் ஒருவழி பேரிங் தேய்ந்திருக்கும். இந்த வண்டியில் அதெல்லாம் தேறியது. அடியில் கியர் ஆயிலையும் சொட்டு எடுத்துப் பார்த்தார். பால் கலந்த காபி நிறம் இல்லை, அதாவது தண்ணீர் சேரவில்லை. காந்தம் வைத்த திருகில் மெல்லிய பசைதான் ஒட்டியிருந்தது, பல் துண்டு எதுவும் இல்லை. மாற்றச் சொன்ன 'பாக்ஸ்' முழு ஆரோக்கியத்தோடு இருந்தது.

பிறகு பெல்ட்டைக் கழற்றினார். வெர்னியரால் அகலம் அளந்தார். தேய்மான எல்லை ஒவ்வொரு மாடலுக்கும் ஒன்று. கம்பெனிக் கையேட்டில் இருக்கும், கண்மதிப்பு உதவாது. பெரும்பகுதி எல்லைக்குள்தான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும், உள்ளங்கை நீளத்துக்கு, இரண்டு பக்கமும் கருகிக் குறுகிப்போயிருந்தது. உடுக்கையின் இடுப்பு மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடம் கப்பியில் விழுந்து எழும்போதுதான் 'தட், தட்'.

புது பெல்ட் மாட்டுவதற்கு முன் கப்பி முகங்களைத் துடைத்தார். எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டுப் படக்கூடாது. பிரேக் கிளீனரும் சுத்தமான துணியும் போதும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசைப்படி மாட்ட வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் முழுசாக முறுக்காமல், பாரம் இழுக்காமல் ஓட்ட வேண்டும். சேறு, செங்குத்து மேடு, ஊர்ந்து போகிற வேகம், இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பது, இதற்கெல்லாம் லீவர் எல்-இல் இருக்க வேண்டும். எச்-இல் வைத்து ஊர்ந்தால் பெல்ட் பிடிக்காமல் வழுக்கியே சூடாகும். இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், கழற்றிய பெல்ட்டை இரண்டு கையாலும் விரித்து, கருகிய இடத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"சக்கரம் அசையாம நின்னுது. கப்பி மட்டும் ஒரே எடத்துல சுத்தியிருக்குது. சேத்துல மாட்டிக்கினு, எச்-ல வெச்சி முறுக்கினே இருந்திருக்கீங்க. சரியா?"

பையன் தலையாட்டினான்.

"ஒருத்தர் உக்காந்து போற வண்டி இது. எத்தினி பேரு குந்திக்கினு இருந்தீங்க?"

அவன் குட்டியானை டிரைவரைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"மூணு பேருண்ணே," என்றான். "ஆனா ஒருத்தரு ரொம்ப ஒல்லி."