திண்ணையில் சொல்லக்கூடாதது

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. பேச்சில் தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினபோது நம்ம மாதிரி குழுக்களில் இருந்துதான் பெண் தன்னார்வலர்களை எடுத்தார்கள். நானும் கொஞ்ச காலம் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்தேன்.

ஒரு நாள் குழுக் கூட்டம் முடிஞ்சதும் ஒரு அக்கா கேட்டாங்க, "அந்த வீட்டுக்கு ஏன் மாசாமாசம் போற?" நான் யோசிக்காம, "அந்தப் பொண்ணுக்கு சுகர்க்கா" என்று சொல்லிட்டேன். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பத்தே நாளில் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி, சம்பந்தம் நின்னு போச்சு. அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை. "உன்னை நம்பித்தானேம்மா என் மக விரலை நீட்டினா?" என்றார்.

அதுக்கப்புறம்தான் நர்ஸம்மாவிடம் கேட்டேன். சிகிச்சை பார்க்கிற டாக்டர், நர்ஸுகிட்ட சொல்லலாம். மத்தவங்ககிட்ட நோயாளி சம்மதம் இல்லாம சொல்லக்கூடாது என்றார். எச்.ஐ.வி.க்குத் தனிச் சட்டமே இருக்கு. 2017-ல் போட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நம்பிச் சொன்னதை வெளியே சொல்ல, சட்டமே அனுமதிக்கிற சில இடம் தவிர, அவங்க சம்மதத்தை எழுத்தில் வாங்கணும்.

அதிலிருந்து திண்ணையில் வெச்சு அளவை சத்தமா படிக்கிறதை விட்டேன். மாமியார் கேட்டாலும், "மருமககிட்டயே கேளுங்கம்மா" என்பேன். நோட்டையும் யார் கையிலும் கொடுக்கிறதில்லை.

அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். அந்தப் பொண்ணு இப்பவும் சுகர் பார்க்க பஸ் ஏறி டவுனுக்குத்தான் போறா.